சீலிங் ஃபேன் வாங்கும் முன் கொஞ்சம் அண்ணாந்து பாருங்கள்

புது வீடு கட்டுகிறவர்கள் டைல்ஸுக்கு நாலு கடை ஏறி இறங்குவார்கள், பாத்ரூம் குழாய் வாங்கக்கூட மாமனார், மச்சான் என்று ஒரு படையே கிளம்பும். ஃபேன் மட்டும் கிரகப்பிரவேசத்துக்கு ரெண்டு நாள் இருக்கும்போது, "அண்ணே, ஆறு ஃபேன், நல்லதா பார்த்து மாட்டிடுங்க" என்று எலக்ட்ரீஷியனுக்குப் போன் போட்டு முடிந்துவிடும். அவரும் மாட்டிவிடுவார், அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் அன்றைக்குக் கடையில் எது கையிருப்போ அதுதான் உங்கள் தலைக்கு மேல் பத்துப் பதினைந்து வருஷம் சுற்றும்.

முதல்முறையாக ஃபேன் வாங்குகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் ஓடப்போகிறது, தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் தொங்கப்போகிறது, இந்த இரண்டுக்கும் பதில் கையில் இருந்தால் முக்கால்வாசி முடிவு தானாக வந்துவிடும். பிராண்டு, கலர், தங்க நிற வளையம் எல்லாம் அப்புறம்.

முதலில் புதுசு வேணுமா என்று பாருங்கள்

பழைய ஃபேன் மெதுவாகச் சுற்றுகிறது, அதனால் மாற்றுகிறேன் என்றால் ஒரு நிமிஷம் பொறுங்கள். சாதாரண ஃபேனில் மோட்டாருக்கு மேலே இருக்கிற கப்புக்குள் ஒரு சின்ன கண்டன்சர் இருக்கும், பெரும்பாலும் 2.5 மைக்ரோஃபேரட் என்று அதன் மேலேயே அச்சடித்திருக்கும். வருஷங்கள் போகப்போக அது வலு குறைந்து, ஃபேன் சோர்ந்துபோகும். சில ஃபேன் சுவிட்ச் போட்டதும் அசையாமல் நின்று, குச்சியால் தள்ளிவிட்டால் மட்டும் சுற்றும். அதே அளவு கண்டன்சரை மாற்றினால் போதும், செலவு நூறு ரூபாய்க்குள் முடியும். பேரிங் சத்தம் என்றால் அதையும் மாற்றலாம். காயில் கருகிப்போய் ரீவைண்டிங் என்று சொன்னால்தான் கொஞ்சம் யோசிக்க வேண்டும், ஏனென்றால் அந்தக் காசுக்கு இன்னும் கொஞ்சம் போட்டால் புது ஃபேனே வந்துவிடும்.

டேப்பை எடுத்து அளவு

சரி, புதுசுதான் என்று முடிவாகிவிட்டது. கடைக்குப் போகும் முன் ஒரு டேப்பும் துண்டுச்சீட்டும் எடுத்துக்கொண்டு ஒவ்வொரு அறையாக நீள அகலம், தரையிலிருந்து தளம் வரை உயரம், ஹூக் இருக்கிற இடத்திலிருந்து பரண், அலமாரி, சுவர் எவ்வளவு தூரம், எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஃபேனின் அளவு என்பது றெக்கை சுற்றும் வட்டத்தின் விட்டம். 1200 மி.மீ., அதாவது 48 இன்ச், நம் வீடுகளில் முக்கால்வாசி அறைக்கு இதுதான். 10க்கு 10, 10க்கு 12, 12க்கு 12 எதுவானாலும் சரியாக இருக்கும். சின்ன அறை, சாப்பிடுகிற மூலை, 8க்கு 8 படிக்கும் அறை என்றால் 900 மி.மீ., 36 இன்ச். இரண்டுக்கும் நடுவில் 1050 ஒன்று உண்டு, ஆனால் எல்லாக் கடையிலும் இருப்பு வைக்க மாட்டார்கள். 12க்கு 15 மாதிரிப் பெரிய, சதுரத்துக்குப் பக்கமான ஹாலுக்கு 1400 மி.மீ. நல்லது.

இதில் அதிகம் பேர் சறுக்குவது நீள ஹாலில்தான். 10க்கு 20 ஹால், நடுவில் ஒரே ஒரு ஹூக், "பெரிய ஃபேனா போட்டுக்கலாம்" என்று 1400 மி.மீ. வாங்குவார்கள். ஃபேன் காற்று நேர் கீழே இறங்கிப் பக்கவாட்டில் கொஞ்ச தூரம் பரவும், அவ்வளவுதான். ரெண்டு பக்கச் சுவரோரம் போட்ட சோபாவில் உட்கார்ந்தவர் பேப்பரை மடித்து விசிறிக்கொண்டுதான் இருப்பார். அப்படிப்பட்ட ஹாலுக்கு 1200 மி.மீ. ரெண்டு போடுவதுதான் வழி. வீடு இன்னும் சென்ட்ரிங் நிலையில் இருந்தால், கான்கிரீட் போடும் முன்பே ரெண்டு ஃபேன் பாக்ஸ் (ஹூக்கோடு தளத்துக்குள் பதிக்கிற பெட்டி) வைக்கச் சொல்லுங்கள். இப்போது ஒரு வார்த்தை சொன்னால் போதும், அப்புறம் தளத்தைத் துளைத்து வேலை பார்க்க வேண்டியிருக்கும்.

படுக்கை அறையில் அறையின் நடுவை விட்டுவிட்டுக் கட்டில் எங்கே என்று பாருங்கள். கட்டில் சுவரோரம், ஃபேன் நடுவில் என்றால் முழங்காலுக்குக் கீழேதான் காற்று வரும். வீடு கட்டும்போதே ஹூக்கைக் கட்டில் பக்கம் ஒன்றரை அடி தள்ளி வைக்கலாம், அழகு கெட்டுப்போகாது. றெக்கை நுனிக்கும் பரண் அல்லது சுவருக்கும் நடுவே ஒன்றரை அடியாவது, முடிந்தால் ரெண்டு அடி விடுங்கள். ட்யூப்லைட்டோ பல்போ றெக்கை மட்டத்துக்கு மேலே இருந்தால் சுற்றும்போது நிழல் வெட்டி வெட்டி அறை முழுக்க மின்னிக்கொண்டே இருக்கும், படிக்கிற பிள்ளைக்குத் தலைவலிதான். லைட்டைக் கீழே இறக்கிவிடுங்கள். சமையலறையில் அடுப்புக்கு நேர் மேலே ஃபேன் வேண்டவே வேண்டாம், தீ அணையும், இல்லாவிட்டால் பாத்திரத்துக்கு வெளியே பரவும்.

ராடு: யாருமே யோசிக்காத ஒன்று

தரையிலிருந்து றெக்கைக்கு எட்டு, எட்டரை அடி உயரம் இருந்தால் காற்று நன்றாக இறங்கும். ஏழு அடிக்குக் கீழே எந்தக் காரணத்துக்காகவும் இறக்கக்கூடாது, வீட்டில் குழந்தையைத் தோளில் தூக்கி விளையாடுகிற தாத்தா இருந்தால் அதுவும் போதாது. அதேபோலத் தளத்துக்கும் றெக்கைக்கும் நடுவே ஒரு அடியாவது இடைவெளி வேண்டும், ஏனென்றால் ஃபேன் மேலே இருக்கிற காற்றை இழுத்துத்தான் கீழே தள்ளுகிறது. மேலே இழுக்க இடமில்லை என்றால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய ஃபேனும் வெறுமனே சுற்றும்.

இப்போது கட்டுகிற வீடுகளில் தளம் சுமார் பத்து அடி. பெட்டிக்குள் வருகிற ஒரு அடிக்குக் கொஞ்சம் குறைவான ராடு அதற்குப் பொருத்தம். ஆனால் காரைக்குடிப் பக்கத்துப் பழைய வீடுகளிலும், உத்தரம் போட்ட மெட்ராஸ் டெரஸ் வீடுகளிலும் 12, 13 அடி உயரம் சாதாரணம்; அங்கே அதே குட்டி ராடில் மாட்டிவிட்டு "இந்தக் கம்பெனி ஃபேனில் காற்றே வரல" என்பார்கள். 13 அடித் தளத்தில் றெக்கை எட்டரை அடியில் இருக்க வேண்டுமானால் நாலரை அடி இறங்க வேண்டும், அதில் மோட்டார் ஒரு அரை அடி எடுத்துக்கொள்ளும், மிச்சம் நாலு அடி ராடு. கணக்கு இவ்வளவுதான். நீள ராடு அதே கம்பெனியில் தனியாகக் கிடைக்கும், ஓட்டை, தடிமன் எல்லாம் சரியாகப் பொருந்தும். பட்டறையில் ஏதோ ஒரு பைப்பை வெட்டி வெல்டிங் வைத்து மாட்டுகிற வழக்கம் இன்னும் இருக்கிறது, தலைக்கு மேல் தொங்குகிற சாமானில் அந்தச் சிக்கனம் வேண்டாம்.

ஒன்பது அடிக்கும் குறைவான தளம் என்றால் ராடை இஷ்டத்துக்கு வெட்டிக் குட்டையாக்காமல், தாழ்ந்த கூரைக்கென்றே வருகிற மாடல்களைக் கேளுங்கள். ஃபால்ஸ் சீலிங் வீட்டில் ஃபேன் எப்போதும் மேலே இருக்கிற கான்கிரீட் ஹூக்கில்தான் தொங்க வேண்டும். ஜிப்சம் பலகை எடை தாங்காது. அதனால் ராடு நீளத்தை ஃபால்ஸ் சீலிங்குக்குக் கீழேயிருந்து கணக்குப் பார்க்காமல் ஹூக்கிலிருந்து பாருங்கள்.

ஹூக்கையும் ஒரு கண் பார்க்க வேண்டும். ஃபேன் நாலைந்து கிலோதான், ஆனால் நாள் முழுக்கச் சுற்றி அதிர்ந்துகொண்டே இருக்கும். பழைய வீட்டில் ஹூக்கைச் சுற்றிக் காரை உதிர்ந்திருந்தாலோ, கம்பி துரு ஏறி மெலிந்திருந்தாலோ, தளத்தில் ஈரக்கறை இருந்தாலோ முதலில் அதைச் சரிசெய்யுங்கள். ஃபேன் மாடல் அப்புறம் பார்க்கலாம்.

தகரம், ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் வீட்டுக்காரர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். ஃபேன் அறையைக் குளிர்விப்பதில்லை. நம் மேல் இருக்கிற வியர்வையை உலர்த்துவதால்தான் நமக்குச் சில்லென்று இருக்கிறது. மே மாத மதியம் ஷீட்டுக்குக் கீழே தேங்கியிருக்கிற அனலைச் சீலிங் ஃபேன் அப்படியே நம் மேல் இறக்கும். அங்கே அதிக விலை ஃபேன் வாங்குவதைவிட ஷீட்டின் மேல் வெள்ளை அடிப்பது, உள்ளே தட்டி கட்டுவது, ராத்திரி ஜன்னலோரம் ஒரு டேபிள் ஃபேனை வைத்து வெளிக்காற்றை உள்ளே இழுப்பது அதிகப் பலன் தரும். 2011இல் தொடங்கிய அரசுத் திட்டத்தில் மிக்ஸி, கிரைண்டரோடு வந்த டேபிள் ஃபேன் பரணில் கிடந்தால் இறக்குங்கள். ஃபேன் அறையைக் குளிர்விக்காது என்பதால், ஆள் இல்லாத அறையில் ஃபேன் ஓடுவதால் யாருக்கும் லாபமில்லை. "ரூம் கூலா இருக்கட்டும்னு போட்டு வெச்சேன்" என்பவர்கள் எல்லா வீட்டிலும் உண்டு.

பெட்டி மேல் இருக்கிற ஸ்டாரைப் படிப்பது எப்படி

2023 ஜனவரி முதல் இந்தியாவில் விற்கிற சீலிங் ஃபேனுக்கு பி.இ.இ. (மத்திய அரசின் மின்சிக்கன அமைப்பு) ஸ்டார் லேபிள் கட்டாயம். கடைக்காரர் "அஞ்சு ஸ்டார் சார்" என்பதோடு நிறுத்திக்கொள்வார். நீங்கள் அதில் ரெண்டு எண்ணைத் தேடுங்கள். ஒன்று, நிமிஷத்துக்கு எத்தனை கன மீட்டர் காற்றைத் தள்ளுகிறது, இதை சி.எம்.எம். என்பார்கள். இன்னொன்று எத்தனை வாட். முதல் எண்ணை இரண்டாவதால் வகுத்தால் வருவதை வைத்துத்தான் ஸ்டார் கொடுக்கிறார்கள்: 1200 மி.மீ. ஃபேனுக்கு அது 4 இருந்தால் ஒரு ஸ்டார், 6 தாண்டினால் ஐந்து ஸ்டார்.

210 சி.எம்.எம்., 52 வாட் என்றால் வகுத்தால் நாலு சொச்சம், ஒரு ஸ்டார். 230 சி.எம்.எம்., 30 வாட் என்றால் ஏழரைக்கு மேல், ஐந்து ஸ்டார். ஆக, ஸ்டார் என்பது மின்சாரத்தை எவ்வளவு சிக்கனமாகச் செலவழிக்கிறது என்ற மதிப்பெண். காற்று எவ்வளவு பலம் என்பதை அது சொல்லாது. 26 வாட்டில் 210 தள்ளுகிற ஃபேனும் ஐந்து ஸ்டார், 35 வாட்டில் 245 தள்ளுகிற ஃபேனும் ஐந்து ஸ்டார். வியர்த்துக் கொட்டுகிற சென்னை, நாகை மாதிரிக் கடலோர ஊரில் மொட்டைமாடிக்கு நேர் கீழே இருக்கிற அறை என்றால் எனக்கு இரண்டாவதுதான் வேண்டும், அந்த ஒன்பது வாட் பெரிய விஷயமில்லை. ஏ.சி. போட்ட அறையில் காற்றைப் பரப்ப மட்டும் என்றால் முதலாவது போதும், கூடவே சத்தமும் குறைவாக இருக்கும்.

ஆர்.பி.எம்., அதாவது நிமிஷத்துக்கு எத்தனை சுற்று என்ற எண்ணைப் பெரிதாகப் போட்டு விற்பார்கள், 400, 420 என்று. வேகமாகச் சுற்றுவது வேறு, காற்றைத் தள்ளுவது வேறு. றெக்கை குறுகலாகவும் சாய்வு குறைவாகவும் இருந்தால் எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் இரைச்சல்தான் மிஞ்சும். சி.எம்.எம். எண்ணைச் சொல்லச் சொல்லுங்கள், சொல்லத் தயங்கினால் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். கூடவே ஐ.எஸ்.ஐ. முத்திரை, அதற்கு மேல் சீலிங் ஃபேனுக்கான தர எண் ஐ.எஸ். 374 இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பி.எல்.டி.சி.யா, சாதாவா

இப்போது கடையில் நடக்கிற பேச்சு முழுக்க இதைப் பற்றித்தான். சாதா ஃபேனில் இருப்பது இண்டக்‌ஷன் மோட்டார், மின்சாரத்தில் ஒரு பங்கு வெறும் சூடாகப் போகும். நாள் முழுக்க ஓடிய பழைய ஃபேனை நிறுத்திவிட்டு ஸ்டூல் போட்டு ஏறி மோட்டார் மேல் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள், ஓட்டலில் தருகிற டீ டம்ளர் மாதிரி இருக்கும். பி.எல்.டி.சி. என்றால் பிரஷ் இல்லாத டி.சி. மோட்டார், அதில் சுற்றுகிற பகுதியில் காந்தமும், உள்ளே ஒரு எலக்ட்ரானிக் போர்டும் இருக்கும், அந்தப் போர்டு காயில்களுக்கு முறை வைத்து மின்சாரம் கொடுக்கும், சூடாக வீணாவது வெகுவாகக் குறையும். இந்த வகை ஃபேனை இந்தியச் சந்தைக்கு முதலில் கொண்டுவந்தவர்களில் நம் கோயம்புத்தூர்க் கம்பெனி ஒன்று உண்டு, வெர்சா டிரைவ்ஸ். 2012இல் 35 வாட் சூப்பர்ஃபேனை இறக்கினார்கள். மோட்டார், பம்ப்செட் என்றே பிழைக்கிற ஊர், ஆச்சரியமில்லை. இன்றைக்கு கிராம்ப்டன், உஷா, ஓரியன்ட், ஹேவல்ஸ், அட்டம்பெர்க் என்று எல்லாரிடமும் பி.எல்.டி.சி. இருக்கிறது.

எவ்வளவு மிச்சம்? கடைக்காரர் 75 வாட்டையும் 30 வாட்டையும் ஒப்பிட்டுக் கணக்குச் சொல்வார். 75 வாட் என்பது உங்கள் வீட்டில் ஏற்கெனவே தொங்குகிற பழைய ஃபேன். இன்றைக்குக் கடையில் இருக்கிற ஒரு ஸ்டார் சாதா ஃபேனே 50, 52 வாட்தான், 2023 விதி வந்த பிறகு அதற்கு மேல் போக முடியாது. அதனால் கணக்கை ரெண்டாகப் போட வேண்டும்.

ஓடிக்கொண்டிருக்கிற பழைய ஃபேனைக் கழற்றிவிட்டு பி.எல்.டி.சி. போடுகிறீர்கள் என்றால் 45 வாட் மிச்சம். தினம் 12 மணி நேரம் ஓடினால் ரெண்டு மாத பில்லில் 32 யூனிட். யூனிட் தோராயமாக ஐந்து ரூபாய் என்று வைத்தால் 160 ரூபாய். மூவாயிரம் ரூபாய் ஃபேன் தன் காசைத் திருப்பித் தர மூன்று வருஷத்துக்குக் கொஞ்சம் மேல் ஆகும். எப்படியும் புது ஃபேன் வாங்கத்தான் வேண்டும், ஒரு ஸ்டாரா பி.எல்.டி.சி.யா என்பதுதான் கேள்வி என்றால், வித்தியாசம் 22 வாட், பில்லில் 16 யூனிட், 80 ரூபாய். விலையில் ஆயிரத்து இருநூறு ரூபாய் கூடுதல் என்றால் ரெண்டரை வருஷம். அதே ஃபேன் விருந்தாளி வந்தால் மட்டும் திறக்கிற அறையில் சராசரியாகத் தினம் ரெண்டு மணி நேரம் ஓடினால் பதினைந்து வருஷம் ஆகும், பேசாமல் ஒரு ஸ்டார் மாட்டிவிடுங்கள். இதனால்தான் முதலிலேயே மணிக்கணக்கைக் கேட்டேன்: ஹால், படுக்கை அறைகளுக்கு பி.எல்.டி.சி., மற்றதற்குச் சாதா, இப்படிப் பிரித்து வாங்குவதில் எந்தக் கேவலமும் இல்லை. ஆறும் ஒரே மாடலாக இருந்தால்தான் வீடு பார்க்க நன்றாக இருக்கும் என்பவர்களிடம் நான் வாதாடுவதில்லை.

தமிழ்நாட்டு பில்லில் இன்னொரு நெளிவு உண்டு. 2016 முதல் ரெண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பதால், அதற்குள்ளேயே முடிகிற சின்னக் குடும்பத்துக்கு பி.எல்.டி.சி.யால் பில்லில் ஒரு பைசாவும் குறையாது, ஏற்கெனவே பூஜ்யம். மறுபக்கம், 500 யூனிட் எல்லையில் ஊசலாடுகிற வீடுகள். 500ஐத் தாண்டினால் மேலே போன யூனிட்டுக்கு மட்டும் விலை கூடுவதில்லை, கீழ்ப்படியில் கிடைத்துக்கொண்டிருந்த சலுகை விலையும் கைவிட்டுப் போகும். 580 யூனிட் ஓடுகிற வீட்டில் தினம் 12 மணி நேரம் ஓடும் நாலு பழைய ஃபேனை மாற்றினால் கிட்டத்தட்ட 450க்கு இறங்கும், அங்கேதான் பில்லில் உண்மையான சரிவு தெரியும். உங்கள் கடைசி மூன்று பில்லை எடுத்து வைத்துக்கொண்டு முடிவு செய்யுங்கள்.

இன்வெர்ட்டர் வைத்திருப்பவர்கள் கண்ணை மூடிக்கொண்டு பி.எல்.டி.சி. போடலாம். மூன்று பழைய ஃபேன் 225 வாட் இழுத்த இடத்தில் 90 வாட், கரண்ட் போனால் அதே பேட்டரி ரெண்டு மடங்குக்கு மேல் தாங்கும். சதுர அலை இன்வெர்ட்டரில் சாதா ஃபேன் "ங்ங்ங்" என்று உறுமுவதும் இதில் இருக்காது. சாயங்காலம் வோல்டேஜ் விழுகிற கிராமங்களிலும் வேகம் குறையாமல் சுற்றும், குறைந்த வேகத்தில் வைத்தால் பத்து வாட்டுக்கும் கீழே போய்விடும்.

குறையும் உண்டு. போர்டு போனால் தெருமுனை மெக்கானிக் கைவைக்க முடியாது, கம்பெனி ஆள்தான் வர வேண்டும், கண்டன்சர் மாதிரி நூறு ரூபாயில் முடியாது. அதனால் வாரண்டி எத்தனை வருஷம், போர்டுக்கும் சேர்த்தா, மோட்டாருக்கு மட்டுமா, உங்கள் ஊருக்கு அவர்கள் ஆள் வருகிறாரா என்பதைக் கேட்காமல் பணம் கட்டாதீர்கள். மாவட்டத் தலைநகரில் இருந்தால் கவலையில்லை. உள்ளே தள்ளி இருக்கிற ஊர் என்றால், பக்கத்து எலக்ட்ரிக் கடைக்காரரிடம் "இந்தக் கம்பெனிக்கு யார் வந்து பார்க்கிறாங்க?" என்று கேட்டுப்பாருங்கள், அவர் சொல்லும் பதிலை வைத்தே பிராண்டை முடிவு செய்யலாம்.

ரிமோட்டும் ரெகுலேட்டரும்

பி.எல்.டி.சி. ஃபேனை ஏற்கெனவே சுவரில் இருக்கிற ரெகுலேட்டரோடு ஓட்டக்கூடாது. அதை ஒயரிங்கிலிருந்து எடுத்து நேராக இணைக்கச் சொல்லுங்கள். "ஃபுல்ல வெச்சா போதும்" என்று விட்டால், ஒரு நாள் யாராவது பழக்கதோஷத்தில் திருகி போர்டைக் கெடுப்பார்கள். இதற்குப் பதிலாக வருவது ரிமோட். மெத்தை இடுக்கில் தொலையும், பேத்தி கையில் பொம்மையாகும், ராத்திரி மூன்று மணிக்குக் குளிரும்போது பேட்டரி தீர்ந்திருக்கும். பல மாடல்களில் சுவர் சுவிட்சை ஒருமுறை அணைத்துப் போட்டால் வேகம் மாறுகிற வசதி இருக்கிறது, வயசானவர்கள் இருக்கிற வீட்டுக்கு அது இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். கரண்ட் போய் வந்தால் பழைய வேகத்திலேயே ஓடுமா என்பதையும் கேளுங்கள். ஒரே ஹாலில் ஒரே கம்பெனியின் ரெண்டு ஃபேன் என்றால் ஒரு ரிமோட்டுக்கு ரெண்டும் ஆடும், அதைத் தனியாகப் பிரிக்க வழி இருக்கிறதா என்பது மூன்றாவது கேள்வி.

சாதா ஃபேன் என்றால் பழைய பெட்டி ரெகுலேட்டரைத் தூக்கி எறியுங்கள், வேகத்தைக் குறைத்தாலும் மிச்சக் கரண்ட் அதில் சூடாகிப் போகும். ஸ்டெப் ஸ்டெப்பாகத் திரும்புகிற எலக்ட்ரானிக் ரெகுலேட்டர் வாங்குங்கள். எந்த இடத்திலும் நிற்காமல் வழுக்கிக்கொண்டு சுற்றுகிற வகையில் சில ஃபேன் குறைந்த வேகத்தில் உறுமும்.

றெக்கை, கலர், மற்ற அலங்காரம்

மூன்று றெக்கையே நமக்குப் போதும். நாலு, ஐந்து றெக்கை அலங்கார மாடல்கள் பார்க்க அழகு, சத்தமும் குறைவு, காற்று பெரும்பாலும் குறைவு, ஏ.சி. ஹாலுக்குச் சரி. மாற்றுத் திசையில் சுற்றுகிற குளிர்கால வசதி, ஊட்டியில் வீடு இல்லாதவர்களுக்கு வீண் செலவு.

கடலோரத்தில் இருந்தால் அலுமினிய றெக்கையா என்று கட்டாயம் பாருங்கள். தூத்துக்குடி, ராமேஸ்வரம் உப்புக்காற்றில் இரும்புத்தகட்டு றெக்கை திருகுப் பக்கத்திலிருந்து பெயின்ட் கொப்பளித்துத் துரு பிடிக்கும். சோதிப்பது சுலபம்: ஃப்ரிட்ஜில் ஒட்டுகிற காந்தம் ஒன்றைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு போய் றெக்கையில் வையுங்கள், ஒட்டினால் இரும்பு. கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பார்க்கட்டும்.

கலர் உங்கள் இஷ்டம். வெள்ளை றெக்கையின் முன் விளிம்பில் ரெண்டு மாதத்தில் கறுப்புக் கோடு விழும், பிரவுனில் அவ்வளவு தெரியாது. துடைக்கும்போது பழைய தலையணை உறையை றெக்கையில் மாட்டி மெதுவாக உருவுங்கள், தூசி உறைக்குள்ளேயே விழும், கட்டில் மேல் கொட்டாது. ஒட்டடைக் குச்சியால் அழுத்தித் தள்ளினால் றெக்கை வளைந்து ஃபேன் ஆட ஆரம்பிக்கும்.

கடையிலும், மாட்டும் நாளிலும்

கடையில் இருபது ஃபேன் ஒன்றாகச் சுற்றுகிற இடத்தில் நின்று காற்றையும் சத்தத்தையும் கணிக்க முடியாது, மற்றதை நிறுத்திவிட்டு ஒன்றை மட்டும் போடச் சொல்லுங்கள். பெட்டியைப் பிரித்து மூன்று றெக்கையும் ஒரே பெட்டிக்குள் வந்ததா, ராடு, ஷேக்கிள் (ஹூக்கில் மாட்டுகிற வளைந்த இரும்பு), போல்ட், ஊக்குப்பின் (போல்ட் கழலாமல் பிடிக்கும் ஸ்ப்ளிட் பின்), ரெண்டு கப்பு எல்லாம் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். றெக்கைகள் எடை பார்த்து ஒரு செட்டாக வருபவை. ஆறு ஃபேனை ஒன்றாகப் பிரித்துத் தரையில் பரப்பிவிட்டுக் கலந்து மாட்டினால் ஆறும் ஆடும். ஒவ்வொரு பெட்டியாகப் பிரிக்கச் சொல்லுங்கள்.

மாட்டும்போது மெயினை அணைத்தாரா என்று பாருங்கள். ஹூக்கில் விழும் ரப்பர் உருளை புதியதாக இருக்கட்டும், போல்ட் போட்ட பிறகு ஊக்குப்பின்னை நுழைத்து இரண்டு காலையும் விரித்து மடக்க வேண்டும். அவசரத்தில் பலர் விடுவது இதைத்தான், நீங்கள் கீழே நின்று "அண்ணே, பின்னை மடக்கிட்டீங்களா?" என்று கேட்டால் தப்பில்லை. பாதுகாப்புக் கம்பிக் கயிறு கொடுத்திருந்தால் அதையும் ஹூக்கில் சுற்றிக் கட்டச் சொல்லுங்கள்.

அவர் கிளம்பும் முன் பத்து நிமிஷம் முழு வேகத்தில் ஓடவிடுங்கள். லேசாக ஆடினால், நிறுத்திவிட்டு ஒரு ஸ்கேலைத் தளத்தில் நிறுத்தி வைத்து, ஒவ்வொரு றெக்கையையும் கையால் அதே இடத்துக்குச் சுற்றிக் கொண்டுவந்து நுனிவரை உயரத்தை அளக்கச் சொல்லுங்கள். மூன்றும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும், ஒன்று மட்டும் கால் இன்ச்சுக்கு மேல் இறங்கியிருந்தால் அந்த றெக்கையின் திருகோ, அதை மோட்டாரோடு இணைக்கும் பட்டையோதான் காரணம். டக் டக் என்ற சத்தம் வந்தால் பெரும்பாலும் மேல் கப்பு ராடிலோ தளத்திலோ உரசுகிறது, கொஞ்சம் இறக்கி திருகை இறுக்கினால் நின்றுவிடும்.

பில்லையும், வாரண்டி அட்டையையும், மோட்டார் மேல் ஒட்டியிருக்கும் வரிசை எண்ணையும் மாட்டும் முன்பே போனில் படம் எடுத்து வையுங்கள். மாட்டிய பிறகு அந்த எண்ணைப் படிக்க ஏணி வேண்டும். கழற்றிய பழைய ஃபேனில் செம்புக் காயில் இருந்தால் காயலான் கடையில் மொத்தமாக இரும்பு விலைக்குப் போடாதீர்கள், மோட்டாரைத் தனியாக எடை போடச் சொல்லுங்கள். எக்ஸ்சேஞ்ச் என்று கடையில் கழிக்கிற தொகையை அதோடு ஒப்பிட்டுவிட்டு எது கூடுதலோ அங்கே கொடுங்கள்.